பதினெட்டு வளைவுக்கு வைத்திருந்த தேசிக்காய்

பயணப் பட்டியலில் பதினோராவது இனம் தேசிக்காய், பத்து. நான்கு, கண்டி அம்பிட்டியவில் எங்கள் வீட்டு வாசலில் புறப்படும்போது காரின் சில்லுகளுக்கு முன்னால் வைக்க. நான்கு, மஹியங்கனை வீதியில் மலையிறங்கும் பதினெட்டு வளைவு தொடங்குமுன் அதேபோல வைக்க. இரண்டு, கல்குடாவில் பொரித்த மீனுக்குப் பிழிய. என் நாட்குறிப்பில் அந்தப் பட்டியல் இன்னும் இருக்கிறது. முப்பத்தாறு இனங்களில் முப்பத்தைந்துக்கு எதிரே சரி போட்டிருக்கிறேன்.

என் கணவர் முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நிறுவாத எதையும் நம்பமாட்டார். சாதகம், சகுனம், இராகு காலம் எல்லாம் அவருக்குச் சிரிப்பு. தேசிக்காய் மட்டும் விதிவிலக்கு. முன்னொரு காலத்தில் தேசிக்காய் வைக்காமல் கடுகண்ணாவை மலையில் இறங்கியபோது ஒரே நாளில் இரண்டு ரயர் காற்றுப் போனதாம். "ஒண்டு போனால் தற்செயல். ரெண்டு போனால் காரணம் இருக்கோணும்" என்பார். அன்றிலிருந்து ஒவ்வொரு மலையிறக்கத்துக்கும் முன் நான்கு தேசிக்காய். அவை நசியும் சத்தம் கேட்ட பிறகுதான் அவருடைய கால் பிரேக்கை நம்பும்.

அந்தப் பயணத்துக்கு அவரிடம் சொன்ன காரணம் ஒன்று. உண்மைக் காரணம் வேறு. திங்கள் பௌர்ணமிப் போயா விடுமுறை, சனியோடு சேர்த்தால் மூன்று நாள். ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே காட்டுக்குள் ஒரு நடை, பிறகு கிழக்கே இறங்கிக் கடற்கரையில் இரண்டு இரவு என்று சொன்னேன். எல்லாம் உண்மைதான். சொல்லாமல் விட்டது என் கைப்பைக்குள் இருந்த கடிதத்தைப் பற்றி. கடிதம் வந்தது அவருக்குத் தெரியும். அது கைப்பையில் பயணம் வருவது தெரியாது.

பதவி உயர்வுக் கடிதம் அது. பதினெட்டு வளைவுக்கும் கீழே இருக்கும் மஹியங்கனை அலுவலகத்துக்கு இடமாற்றத்தோடு வந்திருந்தது. ஏற்கிறேனா இல்லையா என்று புதன்கிழமைக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இருபத்தேழு வருட அரச சேவையில் இப்படி ஒன்று இப்போதுதான் வந்தது. ஓய்வுபெற இன்னும் ஐந்து வருடம், அதற்குள் இன்னொன்று வராது. திங்கள் காலையில் இறங்கி, கிழமை நாட்களில் விடுதியில் தங்கி, வெள்ளி மாலை ஏற வேண்டும். பஸ்ஸில் அந்த வளைவுகள் எனக்கு ஒத்துவராது; நாலாவது வளைவிலேயே பொலித்தீன் பை தேவைப்படும். காரை நானே ஓட்டினால் வாந்தி வராது. ஆனால் ஓட்ட வேண்டுமே.

சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துப் பதினொரு மாதம். முதல் தடவை தவறவிட்டேன். பரீட்சகர், "நீங்கள் பிழை ஒன்றும் விடவில்லை, ஆனால் வாகனம் நகரவும் இல்லை" என்றார். இரண்டாம் தடவை கிடைத்தது. அதற்குப் பிறகு நான் ஓட்டிய மொத்தத் தூரம், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலிருந்து கோயிலுக்கும் சந்தைக்கும். பக்கத்தில் அவர். எந்த ஏற்றத்தையோ இறக்கத்தையோ கண்டாலும், "இதை நான் ஓடுறன், அடுத்த முறை நீர்" என்று இடம் மாறுவார். 'அடுத்த முறை' என்று அவர் சொன்னது நாட்குறிப்பில் இருபத்து மூன்று தடவை பதிவாகியிருக்கிறது. கடிதத்தைப் பார்த்தபோதும், "பஸ்ஸிலை உம்மாலை ஏலாது. வேண்டாம் எண்டு எழுதிப்போடும்" என்று ஒரே வரியில் தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

ஆகவே எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்தேன். பதினெட்டு வளைவையும் நான் ஓட்டினால் 'ஏற்கிறேன்'. ஓட்டாவிட்டால் 'இல்லை'. இது தெரிந்த ஒரே ஆள், நான் அக்கா முறையில் கூப்பிடும் கெலிஓயா ராத்தா. என்னோடு ஒரே மேசையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றவர். அவரும் அவர் கணவரும் எங்களோடு வந்தார்கள். அவர் கணவரை நாங்கள் நானா என்போம்; கராம்பும் மிளகும் வாங்கி விற்கிறவர். காரில் ஏறினால் கதவு மூடும் சத்தத்தோடு தூங்கிவிடுவார்.

எங்கள் திட்டம் மிக எளிது. வளைவுகளின் தொடக்கத்தில் நான் சாவியைக் கேட்பது; அவர் மறுத்தால் ராத்தா அழுவது.

"எனக்கு அழுக வராதே தங்கச்சி" என்றார் ராத்தா.

"ஒஃபிசிலை லீவு கேட்கேக்கை வந்ததுதானே?"

"அது லீவுக்கு."

சனிக்கிழமை 5.40க்கு வாசலில் நான்கு தேசிக்காய் நசிந்தன. 7.05க்கு ஹுன்னஸ்கிரிய. அங்கிருந்து இடப்பக்கம் தேயிலைக்குள் ஏறும் ஒடுங்கிய வீதியில் அரை மணி நேரம் போய்க் காரை நிறுத்தினோம். வழிகாட்ட ஒருவரை முன்பே ஒழுங்கு செய்திருந்தேன்: தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற, ஒல்லியான, தலையில் துவாய் கட்டிய மனிதர். எங்கள் கால்களைப் பார்த்ததும் முதல் கேள்வி கேட்டார்.

"அட்டைக்கு என்னாங்க கொண்டாந்திருக்கீங்க?"

பட்டியலில் இருபதாவது இனம், சவர்க்காரம். எடுத்துக் காட்டினேன்.

"சவக்காரம் காஞ்சு போச்சுன்னா ஏறிக்கும். தேசிக்கா இருந்தா நல்லா தேச்சுக்கங்க. அப்புறம் கிட்ட வராது."

ராத்தா என்னைப் பார்த்தார். நான் நீலப் பையைப் பார்த்தேன். அதற்குள் ஆறு தேசிக்காய் இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும், எதற்கென்றும் தெரியும். ராத்தாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்த வெளிச்சத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் அலுவலகத்தில் விசாரணை நடந்தது.

"ஈக்கி, ஈக்கி, தேசிக்கா ஈக்கி" என்று பையைத் திறந்து, என் பழவெட்டும் கத்தியால் ஆறையும் பாதி பாதியாக வெட்டினார். நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: '7.44. தேசிக்காய் வெட்டப்பட்டது. ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை.'

ஆட்சேபிக்க வேண்டியவர் முதலாவதாகக் கையை நீட்டினார். என் கணவருக்கு உலகத்தில் பயமான ஒரே உயிர் அட்டை. காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, கணக்குப் போடுகிற கவனத்தோடு, கணுக்காலிலிருந்து மேலே, விரல் இடுக்குகளிலும் விடாமல் தேய்த்தார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, "அட்டைக்கெண்டு வேறையாக் கொண்டு வந்தனீரோ? நீர் எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் கட்டுவீர்" என்று பாராட்டினார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அடுத்த பாதியை எடுத்துவிட்டார். மொத்தம் பன்னிரண்டு பாதி. நானும் ராத்தாவும் ஆளுக்கு இரண்டு. நானா காரில் தூங்கியதால் அவருக்குத் தேவைப்படவில்லை. மிச்சம் எட்டுப் பாதியும் என் கணவர் காலில்.

நடை 7.55இலிருந்து 10.30 வரை. ஈரம் சொட்டும் காடு. ஏலக்காய்ச் செடிகள் பழைய தோட்டமாக இருந்து காடாகிப்போன இடத்தில் இன்னும் நிற்கின்றன. மேலே ஒரு சிறு அருவி; தண்ணீர் பாறையை விட்டு விலகாமல் சறுக்கி இறங்கியது. பாசி படிந்த மரத்தில் ஒரு பச்சைப் பல்லி, மூக்கில் கொம்பு வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து அசையவே இல்லை. வழிகாட்டி அதைத் தொடவிடவில்லை. "பாத்துட்டுப் போவோம்மா. அதுக்கும் வேல இருக்கும்ல" என்றார். பாதி வழியில் ராத்தா அலறினார், அட்டை. "ஒண்ணும் செய்யாதுங்க. வயிறு நெறஞ்சா அதுவா விழுந்துரும்" என்றார் வழிகாட்டி. "எங்கட மச்சான்மார் மாதிரி" என்றார் ராத்தா, வலியோடு.

திரும்பி வந்து எண்ணினோம். எனக்கு ஐந்து கடி, ராத்தாவுக்கு இரண்டு, வழிகாட்டிக்கு ஒன்று. என் கணவருக்குப் பூச்சியம். சுருட்டிய காற்சட்டையோடு காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார், எல்லாருக்கும் தெரியும்படி.

11.40. உடுதும்பரையைத் தாண்டி, வளைவுகள் தொடங்கும் இடம். வீதி முடிந்துபோனது போல நின்று, அப்படியே கீழே விழுகிறது. வெகு கீழே சமவெளி, நீர்த்தேக்கம், வெயில். முன்பு இங்கே பஸ் ஒவ்வொரு வளைவிலும் முன்னும் பின்னுமாக இழுத்துத் திரும்பும். இப்போது வீதியை அகலமாக்கியிருக்கிறார்கள். ஆனால் மலையைச் சரித்து வைக்க யாராலும் முடியவில்லை. கணவர் காரை ஓரத்தில் நிறுத்தி, இறங்கிக் கையை நீட்டினார்.

"தேசிக்காயைத் தாரும்."

"இல்லை."

"எங்கை?"

"உங்கடை காலிலை."

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு நீலப் பையைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். எட்டுப் பாதி சேர்ந்தால் நான்கு முழுது என்பதைக் கணக்கு வாத்தியாருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"திரும்பி உடுதும்பரைக்குப் போவம். கடையிலை வாங்குவம்."

பின் கதவு திறந்தது. பயணத்தில் முதல் தடவையாக நானா பேசினார். "மாஸ்டர், எனக்குப் பசிக்கிது" என்று சொல்லிக் கதவை மூடிக்கொண்டார்.

ராத்தா இறங்கினார். "மாஸ்டர், நாங்க தேசிக்கா வெக்கிறல்ல. பிஸ்மி செல்லி ஏறினாச் சரி. சாவியத் தாங்க, நான் கொண்டு போறன்."

ராத்தா சொந்த வீட்டுக் கேற்றை இரண்டு முறை இடித்தவர். ஒருமுறை கேற் திறந்திருந்தது. என் கணவருக்கு அது தெரியும். கெலிஓயா முழுக்கத் தெரியும்.

அவர் ராத்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தேசிக்காய் இல்லாமல் தான் ஓட்டுவதா, ராத்தா ஓட்டுவதா, நான் ஓட்டுவதா என்று மூன்று தெரிவுகளும் அவர் நெற்றியில் எழுதி அழிக்கப்படுவதைக் கண்டேன். கடைசியில் சாவியை என் பக்கம் நீட்டினார், ஆனால் விடவில்லை.

"செக்கண்ட் கியரை மாத்தப்படாது."

"ஓம்."

"பிரேக்கிலை காலை வைச்சுக்கொண்டு வரப்படாது. சூடாகும்."

"ஓம். சாவியை விடுங்கோ."

கதிரையை இரண்டு பல் முன்னே இழுத்தேன். கண்ணாடிகளைச் சரி செய்தேன். 11.52க்குக் கிளம்பினோம். பின்னால் ராத்தா பிஸ்மியில் தொடங்கித் தெரிந்ததெல்லாம் ஓதினார். முதல் மூன்று வளைவுகளில் கணவர் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். ஆறாவதில் ஒரு குரங்குக் கூட்டம் வீதியின் நடுவில் குடும்பப் பிரச்சினை ஒன்றைத் தீர்த்துக்கொண்டிருந்தது, முடியும்வரை நின்றேன். பதினோராவதில் கீழிருந்து பஸ் ஒன்று ஹோர்ன் அடித்து வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்தது. ஓரத்துக்கு ஒதுக்கி நிறுத்தினேன். பஸ் சாரதி கையை உயர்த்திவிட்டுப் போனார். கணவர் பதிலுக்குக் கையை உயர்த்தினார், தான்தான் ஒதுக்கிக் கொடுத்தது போல.

12.17க்குப் பதினெட்டாவது முடிந்தது. இருபத்தைந்து நிமிடம். என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வழியில் ஒரு பள்ளிவாசலில் மதிய லுஹர் தொழுகைக்கு நின்றபோது, கைப்பையைத் திறந்து கடிதம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அப்போதே எழுதிவிடலாம் என்றுகூட நினைத்தேன். நல்லவேளை எழுதவில்லை.

கல்குடாக் கடல் கதிரை போட்டு உட்காரக்கூடிய கடல். அரைக் கட்டை தூரம், அதாவது அரை மைல், நடந்தாலும் முழங்கால் தாண்டாது. ராத்தா முழு உடுப்போடும் தண்ணீருக்குள் சம்மணமிட்டு, கையில் பிளேன்டீக் கோப்பையை அலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நானா கரையில் தூங்கினார். பொரித்த பாரை மீன் தேசிக்காய் இல்லாமலே வந்தது, யாரும் முறையிடவில்லை. கடலுக்குள் நின்ற கணவரிடம் நான் நடந்தே போய், மனதில் இருந்ததைச் சொன்னேன்: கடிதத்தைக் கொண்டு வந்திருக்கிறேன், வளைவை ஓட்டிவிட்டேன், ஆகவே ஏற்கப் போகிறேன்.

அவர் கோபப்படவில்லை. தண்ணீருக்குள் தெரிந்த தன் கால்களைப் பார்த்தார்.

"இறங்கினது பூமியின்ரை வேலை. நீர் பிடிச்சுக்கொண்டு இருந்தனீர், அவ்வளவுதான்" என்றார். "வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏறோணும். லொறிக்குப் பின்னாலை, நடு ஏத்தத்திலை நிண்டு எடுக்கோணும். அதைச் செய்யும், பிறகு எழுதும்."

சொல்லிவிட்டு ஆழத்தைத் தேடி நடந்தார். அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சலாக இருந்தது. ஏற்றத்தில் நின்று எடுப்பதை நான் பயிற்சி வாகனத்தில் ஒரே ஒரு தடவைதான் செய்திருக்கிறேன். அதுவும் ஆசிரியரின் கால் அவர் பக்கத்துப் பிரேக்கில் இருந்தபோது.

ஞாயிறு காலை 6.10. கணவரும் நானாவும் எழும்புமுன் நானும் ராத்தாவும் காரை எடுத்துக்கொண்டு ஏற்றம் தேடிப் போனோம். கண்டியில் வீட்டு வாசலைத் தாண்டினாலே ஏற்றம். கல்குடாவில் ஒரு குன்றுகூட இல்லை. தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி நிலம். கடைசியில் வாய்க்காலுக்கு மேலே முதுகு உயர்த்திய ஒரு சிறு மதகு அகப்பட்டது. கார் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு ஏற்றம். அதன் நடுவில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கிளச்சை மெல்ல விட்டு, எஞ்சின் முனகும்போது கைப்பிரேக்கை இறக்க வேண்டும். முதல் நான்கு தடவை நின்றுபோனது. ராத்தா வெளியே நின்று, பின் சில்லு எத்தனை விரல் பின்னால் போகிறது என்று அளந்தார். ஏழாவது தடவை ஒரு மீன்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன மிஸ், கார் பழுதா? தள்ளி உடட்டா?"

"இல்லை, பழகிறம்."

அவர் மதகைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "இந்த மதகில பழகி எங்க போகப் போறயள்?"

"கண்டிக்கு" என்றார் ராத்தா.

அவர் கொஞ்சம் யோசித்து, சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, போகாமல் இருந்து பார்த்தார். பதினோராவது தடவை சில்லு பின்னால் போகவில்லை. மீன்காரர் கை தட்டினார். காலை உணவின்போது, நாங்கள் எங்கே போய் வந்தோம் என்று கணவர் கேட்டபோது, மீன் பார்க்கப் போனோம் என்றோம். அது பொய்யில்லை.

திங்கட்கிழமை மஹியங்கனை தாண்டியதும் நான் காரை நிறுத்துமாறு கேட்டேன். கணவர் இறங்கி இடம் மாறினார். ராத்தா ஓதத் தொடங்கினார். நானா தூங்கினார்.

கீழிருந்து ஒன்பதாவது வளைவுக்கு அப்பால், நெல்மூட்டை ஏற்றிய லொறி ஒன்று எங்களுக்கு முன்னால் கறுப்புப் புகை விட்டுக்கொண்டு ஏறியது. நான் இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தேன். பத்தாவது வளைவின் வாயில் லொறி நின்றுவிட்டது. நானும் நின்றேன். பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டிக்கொண்டு நின்று ஹோர்ன் அடித்தது. கண்ணாடியில் அதன் முகம் முழுக்க நிறைந்திருந்தது.

லொறி உறுமிக்கொண்டு நகர்ந்தது. நான் கிளச்சை விட்டேன். எஞ்சின் நின்றது. பஸ் ஹோர்ன். மறுபடி எடுத்தேன்; கைப்பிரேக்கை ஒரு கணம் முந்தி இறக்கிவிட்டேன்; கார் பின்னால் போனது, ஒரு சாண் இருக்கும். ராத்தா ஓதுவதை நிறுத்தி, "யா அல்லாஹ், பஸ்ஸு!" என்றார். கணவரின் கை கைப்பிரேக்குக்கு வந்தது.

"கையை எடுங்கோ."

"பின்னாலை பஸ்ஸடி."

"தெரியும். எடுங்கோ."

முப்பது வருடத்தில் என்னை 'டி' போட்டு அவர் பேசியது அந்த ஒரு தடவை. எடுத்தார். எடுத்து, இரண்டு கைகளையும் தன் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலே இருந்துகொண்டார். வகுப்பில் குழப்படி செய்யும் பிள்ளைகளை அவர் அப்படித்தான் இருக்க வைப்பாராம்.

கைப்பிரேக்கை இழுத்தேன். எஞ்சினை எடுத்தேன். பஸ் சாரதி தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார்; எனக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தது யார் என்பது பற்றி என நினைக்கிறேன். கிளச்சை விட்டேன், விட்டேன், எஞ்சின் தொனி இறங்கியது, காரின் மூக்கு கொஞ்சம் நிமிர்ந்தது. கைப்பிரேக்கை இறக்கினேன். கார் நின்ற இடத்தில் ஒரு மூச்சு நின்றது. பிறகு ஏறியது.

லொறிக்குப் பின்னாலேயே மிச்சம் ஒன்பது வளைவும் ஏறினேன். மேலே ஓரத்தில் நிறுத்தி, நேரத்தை எழுதினேன். முப்பத்தொரு நிமிடம். நானா கண் விழித்து, "வந்துட்டமா?" என்றார். "பாதி வந்துட்டம், தூங்குங்க" என்றார் ராத்தா.

கைப்பையிலிருந்து கடிதத்தையும் வெள்ளைத்தாளையும் எடுத்தேன். நாட்குறிப்பை மடியில் மேசையாக வைத்து, மூன்று வரியில் பதிலை எழுதிக் கையொப்பமிட்டேன். கணவர் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்து விரல்களை நீட்டி மடக்கினார். கீழே சமவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கள் போனால் வெள்ளிதான் வருவீர், என்ன?"

"ஓம்."

"நாலு இரவு."

"ஓம்."

பஸ் ஒன்று எங்களைக் கடந்து இறங்கியது.

"ஒரு சுண்டு பருப்பு அவிக்க எவ்வளவு தண்ணி விடோணும்?"

"மூண்டு சுண்டு" என்றேன்.

"பொறும்" என்று என் நாட்குறிப்பை வாங்கி, பேனையையும் வாங்கி, கடைசிப் பக்கத்தில் அதை எழுதினார். எழுதிவிட்டு அடியில் கோடும் போட்டார்.